லாரி பேக்கர், செங்கல், சிக்கனம்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஆர்க்கிடெக்ட், நாகர்கோவில் பக்கம் வீடு கட்டித் தர்றேன், பெரும்பாலும் பூச்சு இல்லாத செங்கல் சுவர், ஓடு வெச்ச ஸ்லாப், இடிச்ச வீட்ல இருந்து வந்த பழைய கதவு ஜன்னல், இந்த மாதிரி. அதனாலயே சிக்கனமாக் கட்டிப் பேர் வாங்கின ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் பத்தி கேட்டு மெசேஜ் வந்துட்டே இருக்கு, ஸ்டூடண்ட்ஸ் பாதி, வீடு கட்டப் போறவங்க பாதி. கேக்குறது எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதி வெச்சுடறேன்.

லாரி பேக்கர் யாரு? ஒரு இங்கிலாந்துக்காரர் எப்படி கேரளாவுக்கு வந்தார்?

1917 மார்ச் 2, பர்மிங்ஹாம்ல பிறந்தவர். அங்கேயே ஆர்க்கிடெக்சர் படிச்சார். குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், அவங்க போர்ல ஆயுதம் எடுக்க மாட்டாங்க, அதனால ரெண்டாம் உலகப் போர் வந்தப்போ சண்டைக்குப் போகாம ஆம்புலன்ஸ் பிரிவுல சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்க தொழுநோயாளிகளோட வேலை செஞ்சார். 1945ல இந்தியா வந்ததும் அந்த வழியிலதான், தொழுநோய்க்காக வேலை செய்ற ஒரு மிஷனோட ஆர்க்கிடெக்டா. அந்த சமயத்துலதான் தொழுநோய்க்குப் புது மருந்து வர ஆரம்பிச்சுது, அதுவரைக்கும் நோயாளிகள ஒதுக்கி அடைச்சு வெச்சிருந்த பழைய கட்டடங்கள எல்லாம் சிகிச்சை குடுத்து வீட்டுக்கு அனுப்புற ஆஸ்பத்திரியா மாத்தணும், அதுதான் அவரோட முதல் வேலை. இதை நான் எப்பவுமே கொஞ்சம் அழுத்திச் சொல்லுவேன், ஏன்னா அவரோட தொழில் வாழ்க்கை ஆரம்பிச்சதே ஊர் ஒதுக்கின ஆளுக்குக் கட்டடம் போடறதுல.

1948ல எலிசபெத் ஜேக்கப்ங்கற கேரளத்து டாக்டரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ரெண்டு பேரும் இமயமலைப் பக்கம் பித்தோராகர் போனாங்க, அங்க டாக்டர் வந்திருக்காங்கன்னு தெரிஞ்சதும் ஜனங்க வந்து நிக்க ஆரம்பிச்சுட்டாங்க, அப்படியே தங்கினவங்க சுமார் 16 வருஷம் அங்கேயே இருந்துட்டாங்க. எலிசபெத் வைத்தியம் பார்க்க, இவர் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்ட. 1963ல கேரளா, முதல்ல வாகமண், அப்புறம் திருவனந்தபுரம். கடைசி வரைக்கும் அங்கதான். 1989ல இந்தியக் குடியுரிமை, 1990ல பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1ஆம் தேதி, 90 வயசுல இறந்தார்.

காந்தி அவரோட செருப்பைப் பார்த்தாருங்கறது உண்மையா?

பேக்கரே பல தடவை சொன்னதுதான். சீனாவுல இருந்து ஊருக்குத் திரும்புற வழியில கப்பலுக்காகப் பம்பாய்ல மாசக்கணக்குல காத்திருக்க வேண்டியதாச்சு, அப்போ காந்தியைப் பார்க்கப் போனார். கால்ல போட்டிருந்தது துணித்துண்டு வெச்சுத் தானே தெச்ச ஷூ. காந்தி அதை கவனிச்சு விசாரிச்சார். ஒரு கிராமத்து வீடுன்னா அதைச் சுத்தி 5 மைலுக்குள்ள கிடைக்கிற பொருள்ல கட்டினதா இருக்கணும்னு காந்தி சொன்னது பேக்கர் மனசுல அப்படியே நின்னுடுச்சு. படிச்சப்போ கத்துக்கிட்ட எஃகும் கண்ணாடியும் எல்லாம் 5 மைலுக்குள்ள எங்க கிடைக்கும்? இந்தியா வந்து மண்ணு, மூங்கில், கரையான், மழைக்காலம் எல்லாத்தையும் முதல்ல இருந்து கத்துக்க வேண்டி வந்துச்சு, கத்துக்குடுத்தது ஊர்க் கொத்தனார்கள்தான்.

"பேக்கர் ஸ்டைல்"ல ஒரு வீடு வேணும், எவ்வளவு ஆகும்?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், கொஞ்சம் வருத்தப்பட வைக்கிற கேள்வியும் இதுதான். போன வருஷம் ஒருத்தர் போன்ல போட்டோ காட்டினார், அழகான செங்கல் சுவர். கூர்ந்து பார்த்தா கான்கிரீட் ஃப்ரேம், உள்ள பிளாக் சுவர், அது மேல பூச்சு, பூச்சு மேல செங்கல் மாதிரி டைல்ஸ் ஒட்டியிருக்கு. அதாவது சாதாரண வீட்டுக்கு ஆகுற செலவு மொத்தமும் ஆகி, அதுக்கு மேல டைல்ஸ் செலவும் ஆகியிருக்கு. பேக்கர் செஞ்சது இதுக்கு நேர் எதிர். அவர் பூச்சை எடுத்தது அழகுக்காக மட்டும் இல்ல, நல்லா சுட்ட செங்கல்லுக்கு எதுக்குப் பூச்சு, பூச்சுக்கு எதுக்கு பெயிண்ட், அந்தப் பெயிண்டை எதுக்கு சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப அடிக்கணும், இப்படி ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டு தேவை இல்லாததைக் கழிச்சுக்கிட்டே வந்தார். கழிச்சது போக மிச்சம் நின்னதைத்தான் நாம ஸ்டைல்னு சொல்லிட்டு இருக்கோம்.

அதனால என்கிட்ட வர்றவங்ககிட்ட நான் முதல்ல போட்டோ கேக்கறதில்ல. வீட்ல எத்தனை பேர், யாருக்கு முழங்கால் வலி, துணி எங்க காயப்போடுவீங்க, ஏற்கனவே மனையில என்ன மரம் நிக்குது, பக்கத்துல எங்கயாவது பழைய வீடு இடிக்கிறாங்களா, இதைத்தான் கேப்பேன். செலவுக் கணக்கு அதுக்கு அப்புறம்தான் வரும்.

எலிப்பொறிச் சுவர்னா என்ன? நிஜமாவே செங்கல் மிச்சமாகுமா?

ஆகும், கணக்கு போட்டே பார்த்துடலாம். ராட் ட்ராப் பாண்டுன்னு சொல்றது இதைத்தான், பேக்கர் கண்டுபிடிச்சது இல்ல, இங்கிலாந்துல பழைய வழக்கம், இங்க கொண்டு வந்து பரப்பினது அவர்.

சாந்தோட சேர்த்து ஒரு செங்கல் 9 அங்குலம் நீளம், நாலரை அகலம், 3 உயரம்னு வெச்சுக்கோங்க. வழக்கமான 9 அங்குலச் சுவர்ல கல்லைப் படுக்க வெச்சுக் கட்டுவோம், ஒரு சதுர அடிக்கு 10.67 கல், அதாவது கிட்டத்தட்ட 11. எலிப்பொறிக் கட்டுல கல்லைக் குத்தா நிறுத்தி வைக்கணும், முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு, நடுவுல 3 அங்குலம் காலி, அடுத்து குறுக்கால ஒரு கல், திரும்ப முன்னும் பின்னும். 12 அங்குல நீளத்துக்கு 3 கல், வரிசை உயரம் நாலரை அங்குலம். சதுர அடிக்கு சரியா 8 கல்தான் வரும். நாலுல ஒரு பங்கு கல் மிச்சம், சுவரோட கனம் அதே 9 அங்குலம். சாந்தும் குறையும். உள்ள அடைபட்டிருக்கிற காத்து வெயில் சூட்டை சட்டுனு உள்ள விடாது, மேற்குப் பார்த்த சுவர்ல மத்தியானம் மூணு மணிக்கு உள்பக்கம் கை வெச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

பலமா இருக்குமா? மழைக்கு ஓதம் ஏறாதா?

சாதாரண வீட்டுக்குத் தாராளமாப் போதும். மூலைகள், கதவு ஜன்னல் ஓரம், அஸ்திவாரத்துக்கு மேல முதல் வரிசை, லிண்டலுக்குக் கீழ வர்ற வரிசை, இங்கெல்லாம் காலி விடாம கெட்டியாக் கட்டணும், நிலநடுக்கம் வர்ற பகுதின்னா அந்தக் குழிகளுக்குள்ளயே கம்பி இறக்கி கான்கிரீட் போட்டுடலாம்.

ஓதம் வர்றது கட்டுற முறையால இல்ல, கட்டுற கையாலதான். கல் சரியா வேகாததா இருந்தாலும், பாய்ண்டிங் (கல்லுக்கு நடுவுல சாந்து அடைக்கிறது) அவசரமாப் பண்ணியிருந்தாலும் சாரல் அடிக்கிற பக்கம் ஈரம் கண்டிப்பா வரும். கூரையை நல்லா வெளிய நீட்டி விடறது பாதி வைத்தியம். பேக்கர் வீடுகள்ல கூரை தாழ்வா இறங்கி சுவருக்குக் குடை புடிச்ச மாதிரி இருக்கும் பாருங்க, அது இதுக்குத்தான்.

எனக்கு நடந்த ஒண்ணு சொல்றேன். நான் கட்டின ரெண்டாவது வீடு, சுவர் எல்லாம் அருமையா எழும்பியிருக்கு, கொத்தனார் அண்ணன் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்துத்தான் வெச்சார். ஒரு கல்யாணத்துக்காக ரெண்டு நாள் நான் சைட்டுக்குப் போகல. திரும்பி வந்தா எலெக்ட்ரீஷியன் தம்பி வழக்கம் போல மெஷினை வெச்சு சுவர்ல பைப்புக்கு காடி வெட்டிட்டான். குத்தா நிக்கிற கல் 3 அங்குலக் கனம்தானே, அதுல ஒன்றரை அங்குலம் வெட்டினா என்ன மிஞ்சும்? நாலஞ்சு இடத்துல கல்லு உடைஞ்சு உள்ள இருக்கிற குழி தெரியுது. அந்தத் தம்பி மேல தப்பே இல்ல, நடுவுல காலியா இருக்கிற சுவர்னு அவனுக்கு யாருமே சொல்லல, சொல்ல வேண்டியது நான். அந்தக் குழி வழியாவே பைப்பை நேரா இறக்கியிருக்கலாம், ஒரு காடியும் வேண்டாம், கட்டும்போதே ஸ்விட்ச் எங்க வரும்னு முடிவு பண்ணியிருந்தா போதும். இப்பல்லாம் முதல் வரிசை வைக்கிறதுக்கு முன்னாடியே கொத்தனார், எலெக்ட்ரீஷியன், பிளம்பர் மூணு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுப் பேசிடுவேன். வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடுவேன், டிவி எங்கன்னு இன்னைக்கே சொல்லுங்க, அப்புறம் மாத்த முடியாதுன்னு.

ஃபில்லர் ஸ்லாப்னு கான்கிரீட் தளத்துக்குள்ள ஓடு புதைச்சு வெச்சா தளம் வீக் ஆயிடாதா?

ஆகாது. ரெண்டு பக்கமும் சுவர்ல உக்காந்திருக்கிற தளம் மேல பாரம் வந்தா மேல்பாதி நசுங்கப் பார்க்கும், கீழ்ப்பாதி இழுபடும். நசுங்குறதைத் தாங்குறது கான்கிரீட், இழுபடறதைத் தாங்குறது கம்பி. அப்போ கீழ்ப்பாதியில கம்பியைச் சுத்தி இருக்கிற கான்கிரீட் மட்டும்தான் தேவை, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல இருக்கிற கான்கிரீட் சும்மா கனத்துக்குத்தான் இருக்கு. அந்த இடத்துல ரெண்டு மங்களூர் ஓட்டை ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து வெச்சுட்டா கான்கிரீட்டும் மிச்சம், தளத்தோட எடையும் குறையும், எடை குறைஞ்சா கம்பியும் கொஞ்சம் குறையும், ஓட்டுக்கு நடுவுல இருக்கிற காத்தால மொட்டை மாடி சூடும் குறையும். பழைய ஓடு போதும்.

ரெண்டு விஷயம் மறக்கக் கூடாது. ஓட்டை நல்லா ஊறப்போட்டுத்தான் வைக்கணும், காஞ்ச ஓடு கான்கிரீட்ல இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும். அப்புறம் கம்பிக் கணக்கை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர்தான் போடணும், வீடியோ பார்த்துட்டுப் போடாதீங்க ப்ளீஸ். வெளிய நீட்டுற சன்ஷேடு, பால்கனியில எல்லாம் இழுவிசை மேல்பக்கம் வரும், அங்க கணக்கே வேற.

ஜாளி (செங்கல்லை இடம் விட்டு அடுக்கின சுவர்) வெச்சா கொசு, தூசி வராதா?

வரும். கொசுவலை அடிக்கலாம், தூசி தொடைக்கத்தான் வேணும். படுக்கை ரூமுக்கு ஜன்னல், மாடிப்படி, வராண்டா, ஹாலோட மேல்பகுதிக்கு ஜாளின்னு பிரிச்சுக்கிட்டா பெரிய தொந்தரவு இல்ல. ஒரு ஜன்னலுக்கு மரச்சட்டம், கம்பி, கொண்டி, கண்ணாடி, பெயிண்ட்னு ஆகுற செலவுக்கு முன்னாடி செங்கல்லை இடம் விட்டு அடுக்கறது ஒண்ணுமே இல்ல.

பேக்கர் ஏழைகளுக்குக் கட்டினார்னு சொல்றாங்க, ஆனா நான் பார்த்தது எல்லாம் வசதியானவங்க வீடுதானே?

நியாயமான கேள்வி, இதைக் கேக்கறவங்க மேல எனக்கு மரியாதை. ஆமா, திருவனந்தபுரத்துல அவர் கட்டின வீடுகள்ல பெரும்பகுதி மத்தியதரக் குடும்பங்களோடது, வாத்தியார், கிளார்க், பேராசிரியர். ஆனா அது மட்டும்னு சொன்னா தப்பு. பூந்துறையில மீனவக் குடும்பங்களுக்குக் கட்டின வீடுகளைப் பத்தித் தெரிஞ்சுக்கோங்க. சர்க்கார் காலனின்னா நம்ம கண்ணுக்கு என்ன வரும்? ஒரே கோட்டுல, முதுகோட முதுகு ஒட்டி, வரிசையா பெட்டி. அவர் ஒரு வீட்டை ஒட்டி இன்னொண்ணை அப்படியே நிறுத்தாம கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளி வெச்சார், அப்போ பின்னாடி வீட்டுக்கும் கடல் தெரியும், காத்தும் வரும், முன்னாடி விழற இடத்துல வலை காயப்போடலாம், குழந்தைங்க விளையாடலாம். இதுக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்ல பாருங்க, அதே செங்கல், அதே மனை, அந்த ஜனங்க நாள் முழுக்க என்ன பண்றாங்கன்னு ஒருத்தர் யோசிச்சுப் பார்த்திருக்கார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுல ஒரு கசப்பும் இருக்கு. பூச்சு இல்லாத சுவரை வசதியானவங்க ரசிச்சாங்க, கையில காசு இல்லாதவங்களுக்கு அது "முடிக்காம விட்ட வீடு". என்கிட்டயே ஒரு அக்கா கேட்டாங்க, "நாங்க இல்லாதவங்கன்னு ஊருக்குத் தெரியணுமா சார்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. முன்பக்கச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்புப் பூச்சு பூசி நீலம் அடிச்சுக் குடுத்தோம். அவங்க ஆசைப்பட்ட நீலம். கொள்கைக்காக அடுத்தவங்க மானத்தைப் பணயம் வைக்கக் கூடாதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன், இன்னைக்கும் அதுல மாற்றம் இல்ல.

பெரிய அளவுல அவர் பண்ணின வேலைன்னா 1971ல ஆரம்பிச்ச வளர்ச்சி ஆய்வு மையம், திருவனந்தபுரத்துல உள்ளூர் பக்கம் (அது ஊர்ப் பேரு). பொருளாதார நிபுணர் கே. என். ராஜ் கூப்பிட்டுக் கட்டச் சொன்னது. மேடு பள்ளமான நிலத்தை சமமாக்காம, மரத்தை வெட்டாம, சுவரை வளைச்சு வளைச்சுக் கொண்டு போயிருப்பார். அப்போ முதலமைச்சரா இருந்த அச்சுத மேனனுக்கும் இந்த வழி புடிச்சுப் போச்சு, பின்னாடி 1985ல இவங்க மூணு பேரும் டி. ஆர். சந்திரதத்தும் சேர்ந்துதான் திருச்சூர்ல காஸ்ட்ஃபோர்டுங்கற அமைப்பு வந்துச்சு, இன்னைக்கும் கேரளா முழுக்க கட்டிட்டு இருக்காங்க.

செங்கல் சுடறதே சுற்றுச்சூழலுக்குக் கேடு தானே?

ஆமா, விறகோ நிலக்கரியோ எரியத்தான் செய்யுது. அதனாலதான் கல்லோட எண்ணிக்கையைக் குறைக்கறது முக்கியம், அதனாலதான் பிற்காலத்துல அவர் மண்ணு, மூங்கில்னு அழுத்தமாப் பேச ஆரம்பிச்சார். ஆனா சிமெண்டையும் சேர்த்துப் பார்க்கணும். சுண்ணாம்புக்கல்லை சுமார் 1450 டிகிரி சூட்டுல வேக வைக்கிறாங்க, எரிபொருள் புகை ஒரு பக்கம், அந்தக் கல்லுக்குள்ள இருந்தே வெளிய வர்ற கார்பன் டை ஆக்சைடு இன்னொரு பக்கம். உலகத்துல மனுஷன் வெளிய விடற கார்பன்ல சுமார் 8 சதவீதம் சிமெண்ட்ல இருந்துதான். பூச்சு வேண்டாம்னு சொல்றது வெறும் காசுக் கணக்கு இல்லைங்கறது இதுல புரியும்.

உங்க மண்ணு நல்லா இருந்தா செங்கல்லே வேண்டாம். ஆரோவில்ல எர்த் இன்ஸ்டிட்யூட்னு இருக்கு, அங்க மண்ணோட சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கையால அழுத்துற மெஷின்ல கல் போடறாங்க, சூளையே கிடையாது. ட்ரெயினிங்கும் தர்றாங்க.

அவர் ட்ராயிங்கே போட மாட்டாராமே?

போடுவார், ரொம்ப அழகாப் போடுவார், கார்ட்டூன் மாதிரி. ஆனா பழைய கவர், கடிதத்தோட பின்பக்கம்னு கிடைச்ச பேப்பர்ல. முக்கால்வாசி முடிவு சைட்ல நின்னுதான், காண்ட்ராக்டர் இல்லாம நேரா கொத்தனார்களோட. பாறை வந்தா சுவர் வளையும், பலா மரம் இருந்தா வீடு தள்ளி நிக்கும். இதைப் பார்த்துட்டு ஸ்டூடண்ட்ஸ் ட்ராயிங் கத்துக்காம இருந்துடாதீங்க, சைட்ல நின்னு முடிவு எடுக்கிற தைரியம் அவருக்கு வந்தது வருஷக்கணக்கா மலையில கல்லும் மண்ணும் தூக்கின அனுபவத்துக்கு அப்புறம்.

பி.ஆர்க் படிக்கிறேன். இந்த லைன்ல வந்தா பொழப்பு ஓடுமா?

ஓடும், மெதுவா ஓடும். 5 வருஷம் படிப்பு, அப்புறம் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல ரெஜிஸ்டர் பண்ணினாத்தான் ஆர்க்கிடெக்ட்னு போர்டு வைக்கலாம், இது எல்லாருக்கும் பொது. இந்த வழியில வர்றவங்களுக்குத் தனியா ஒரு சிக்கல் இருக்கு, அதை காலேஜ்ல யாரும் சொல்றதில்ல. நம்ம தொழில்ல ஃபீஸ் பெரும்பாலும் கட்டடச் செலவுல இத்தனை சதவீதம்னு வாங்குறது. அப்போ நான் உக்காந்து யோசிச்சு உங்க செலவைக் குறைச்சா என் கூலி குறையும், யோசிக்காம மார்பிள் போடச் சொன்னா என் கூலி ஏறும். நல்லா வேலை செஞ்சதுக்கு அபராதம் கட்டுற மாதிரி. நான் மூணாவது வருஷமே சதவீதத்தை விட்டுட்டு சதுர அடிக்கு இவ்வளவு, சைட்டுக்கு வர்ற நாளுக்கு இவ்வளவுன்னு மாத்திட்டேன், முதல்லயே எழுதிக் குடுத்துடுவேன். இப்போ மிச்சம் புடிச்சுக் குடுக்கறதுல எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே சந்தோஷம்.

இன்னொண்ணு, லீவுல ஆபீஸ்ல உக்காந்து ரெண்டரிங் பண்றதுக்கு பதில் ஒரு மாசம் கொத்தனார் கூட சித்தாள் வேலை பாருங்க. திருவனந்தபுரம் பக்கம் விளப்பில்சாலையில லாரி பேக்கர் மையம் இருக்கு, அங்க பயிற்சி நடத்துறாங்க, கையில சாந்து படாம வெளிய வர முடியாது.

இந்த வேலை தெரிஞ்ச கொத்தனார் எங்க கிடைப்பாங்க?

கிடைக்க மாட்டாங்க, உருவாக்கணும். நல்ல கையுள்ள ஒருத்தரைப் புடிச்சு, முதல்ல காம்பவுண்ட் சுவர் கட்டச் சொல்லுங்க, தினக்கூலிக்கு, அவசரப்படுத்தாம. பூச்சு மூடிடும்னு தெரிஞ்சா யாருமே மட்டம் பார்த்து மெனக்கெட மாட்டாங்க, மூடாதுன்னு தெரிஞ்சா அதே ஆள் தூக்குகுண்டைக் கீழ வைக்க மாட்டார். என்கூட இருக்கிற அண்ணன் தான் கட்டின சுவரைக் காட்ட மனைவியையும் பேத்தியையும் கூட்டிட்டு வந்தார்.

பேக்கரைத் தவிர யாரைப் பார்க்கணும்?

பிரான்சிஸ் கேரே. புர்கினா ஃபாசோ நாட்டுல காந்தோங்கற கிராமத்துல பிறந்தவர், தச்சு வேலை கத்துக்க ஜெர்மனி போய் அப்புறம் ஆர்க்கிடெக்ட் ஆனார், படிக்கும்போதே காசு திரட்டி 2001ல தன் ஊருக்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டினார், ஊர் ஜனங்களே மண்கல் போட்டுக் குடுத்தாங்க. தகரக் கூரையைச் சுவருக்கு மேல நல்லா தூக்கி வெச்சதால சூடான காத்து நடுவுல ஓடிப் போயிடும். 2022ல பிரிட்ஸ்கர் பரிசு, ஆர்க்கிடெக்ட்களுக்குக் குடுக்கிற பெரிய பரிசு. நம்ம நாட்டுல ஆர்க்கிடெக்ட் பி. வி. தோஷி, இந்தூர்ல அவர் போட்ட ஆரண்யா குடியிருப்பு. வீட்டை முழுசாக் கட்டிக் குடுக்காம, அடித்தளம், கழிப்பறை, தண்ணி, ஒரு ரூம்னு ஆரம்பிச்சுக் குடுத்து, மிச்சத்தை அந்தக் குடும்பமே கையில காசு வர வர கட்டிக்கிட்ட இடம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு, எதைப் போய் பார்க்கலாம்?

திருவனந்தபுரம் ரயில்ல இறங்கி வெளிய வாங்க, தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலயே செங்கல் கோபுரம் மாதிரி இந்தியன் காபி ஹவுஸ் நிக்கும். நுழைவுச்சீட்டு, அனுமதி ஒண்ணும் வேண்டாம், காபி சொன்னா போதும். உள்ள மாடியே கிடையாது, சுருளா ஏறிப் போற ஒரே சரிவுதான், வெளிச்சுவரை ஒட்டி மேஜையும் பெஞ்சும் கட்டடத்தோடயே சேர்த்துக் கட்டினது. ஒரு சுத்தாவது மேல ஏறி உக்காருங்க. தரை சரிஞ்சு போகுது, ஆனா டம்ளர்ல காபி மட்டமா நிக்கும். எப்படின்னு குனிஞ்சு மேஜையோட காலடியில பாருங்க, ஒவ்வொரு மேஜைக்கும் தரையை எந்த இடத்துல படியா வெட்டி மட்டம் பண்ணியிருக்காங்கன்னு தெரியும். ஒரு டேப் எடுத்துட்டுப் போங்க, அளந்து பாருங்க, பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க, அங்க எங்கள மாதிரி நிறைய பேர் அளந்திருக்கோம்.